பொருளாதார இதழுக்குப் பணம் யார் போடுவது?

சேர்வராயன் மலையிலுள்ள கொட்டச்சேட்டில் மார்கழி பிறந்தால் களமெங்கும் காப்பி காயும். பழத்தைப் பல்பரில் போட்டுத் தோலுரித்து, ஊறவைத்துக் கழுவி உலர்த்தினால் பார்ச்மென்ட். பழமாகவே காயவைத்தால் செர்ரி. வியாபாரி 50 கிலோ மூட்டைக்கு விலை சொல்வார். அந்த விலை இந்த மலையில் பிறப்பதில்லை. அராபிகாவுக்கு வழிகாட்டி நியூயார்க் சந்தை. பிரேசிலில் வறட்சி என்றால் இங்கே விலை ஏறும். 1990களின் நடுப்பகுதிவரை விளைச்சலைக் காப்பி வாரியமே வாங்கி விற்றது. அந்த ஏற்பாடு போனபின், விலை ஏன் ஏறியது, ஏன் சரிந்தது என்பதை விவசாயியே தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. தமிழில் 2005இல் வந்த நாணயம் விகடன் சேமிப்பையும் பங்குச்சந்தையையும் வீட்டுப் பேச்சாக்கியது. விளைபொருள் சந்தையை விளக்க அப்படியோர் ஏடு மலைக்காரர்களுக்கு வேண்டும்.

ஆனால் விளக்குகிறவருக்கு யாருக்கும் கட்டுப்படாத சுதந்திரம் இருக்க வேண்டும். 1926இல் பெர்லினில் குஸ்டாவ் ஸ்டோல்பர் தொடங்கிய பொருளாதார வார ஏட்டில் ஷும்பீட்டர் போன்ற அறிஞர்கள் எழுதினார்கள். ஸ்டோல்பர் யூதர். 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் ஏட்டை விட்டுவிட்டு அமெரிக்கா போனார். போருக்குப் பின் அந்த மரபில் மீண்டும் எழுந்த இதழ்தான் 1970இல் 'விர்ட்ஷாஃப்ட்ஸ்வோகே' என்று பெயர் மாறியது.

நம் நாட்டுக் கதை இன்னும் நெருக்கமானது. 1949 ஜனவரியில் பம்பாயில் சச்சின் சௌத்ரி 'எக்கனாமிக் வீக்லி'யைத் தொடங்கினார். பங்கு விலையோடு நிற்காமல் கிராமத்துக்குள்ளும் போன ஏடு அது. 1950களின் தொடக்கத்தில் சமூகவியலாளர் எம்.என். சீனிவாஸ் உள்ளிட்டோரின் கிராம ஆய்வுகள் அதில் வந்தன; தஞ்சைக் கிராமம் ஒன்றின் சாதி, நில உறவுகளைப் பற்றி மானிடவியலாளர் கேத்லீன் கஃப் எழுதியதும் அங்கேதான். உரிமையாளர்களோடு ஒத்துப்போகாமல் 1965 முடிவில் சௌத்ரி வெளியேறினார், ஏடு நின்றது.

அவர் வேறொரு முதலாளியைத் தேடிப் போகவில்லை. வாசகர்களும் அறிஞர்களும் பணம் திரட்ட, சமீக்ஷா அறக்கட்டளை அமைந்தது. 1966 ஆகஸ்டில் 'எக்கனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி' வந்தது. அதே டிசம்பரில் சௌத்ரி இறந்தார். இதழ் தடுமாறியிருக்கலாம், தடுமாறவில்லை. 1969 முதல் 2004 ஜனவரியில் இறக்கும்வரை கிருஷ்ண ராஜ் ஆசிரியராக இருந்து அதை வளர்த்தார். இன்றும் அதை வெளியிடுவது அந்த அறக்கட்டளைதான்.