ஏலத்தோட்டமும் கணினித் திரையும்

விடிந்தும் விடியாத வேளையிலேயே தேனி மாவட்டத்திலிருந்து போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி மலைப்பாதைகளில் ஜீப்புகள் ஏறத் தொடங்கிவிடுகின்றன. எல்லைக்கு அப்பால், கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குக் காய் பறிக்கச் செல்லும் தொழிலாளர்கள் அவற்றில் பயணம் செய்கின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் பறித்த காய், சில நாட்களுக்குப் பின் ஏலக் கூடத்தின் கணினித் திரையில் ஒரு விலையாக ஒளிர்கிறது. தோட்டத்திலிருந்து திரைவரை அது கடந்து வரும் வழி, தொழில் நடத்தும் எவருக்கும் பயன்படும் ஒரு பாடமாகும்.

ஏலச்செடியில் காய்கள் ஒரே நேரத்தில் முற்றுவதில்லை. ஆகவே, பக்குவமான காயை மட்டும் தேர்ந்து, பருவம் முழுவதும் பல சுற்றுகளாகப் பறிக்க வேண்டும். இளங்காய் கலந்தால் எடையும் குறையும், நிறமும் கெடும். பறித்த பச்சைக்காய் தாமதமின்றித் தோட்டத்து ஸ்டோரில் உலர்த்தப்படுகிறது. ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்தால் ஒரு கிலோ ஏலக்காய் கிடைக்கும். இரவில் வெப்பத்தைக் கவனிப்பவர் சற்றே அயர்ந்தாலும் பச்சை நிறம் மங்கிவிடும். அதன்பின் சல்லடையிட்டு அளவு பிரிக்கின்றனர். 8 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பருங்காய்க்கு மதிப்பு அதிகம்.

முன்னாளில் வியாபாரிகள் கூடி அமர்ந்து, குரல் கொடுத்தே விலை கேட்டனர். இந்திய நறுமணப்பொருள் வாரியம் 2007-ஆம் ஆண்டு மின்னணு ஏலத்தை அறிமுகப்படுத்தியது. இன்று இடுக்கியின் புற்றடியிலும் தேனியின் போடிநாயக்கனூரிலும் ஏலம் நடைபெறுகிறது. ஒவ்வொரு விவசாயியின் சரக்கும் தனி எண் பெறுகிறது. வியாபாரிகள் மாதிரியைக் கையில் எடுத்து, நிறத்தையும் பருமனையும் பார்த்தபின் பொத்தானை அழுத்தி விலையை உயர்த்துகின்றனர். வந்த சரக்கு, விற்ற சரக்கு, உச்ச விலை, சராசரி விலை ஆகியவற்றை வாரியம் தன் இணையதளத்தில் நாள்தோறும் வெளியிடுகிறது. இதனால் மலைமேல் இருக்கும் சிறு விவசாயியும் அன்றைய நிலவரத்தைக் கைபேசியிலேயே அறிகிறார். இடையில் ஒருவர் கூறும் விலையை மட்டும் நம்பி விற்கும் நிலை அவருக்கு இல்லை.

இவ்விவரம் எவ்வளவு தேவையானது என்பதை அண்மைக்கால ஏற்றத்தாழ்வுகள் உணர்த்தின. 2018 ஆகஸ்டு பெருமழையில் தோட்டங்கள் பெரிதும் சேதமுற்றன. வரத்துக் குறைந்த நிலையில், 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் கிலோ ரூ.7,000 வரை விலை போயிற்று. 2020-இல் பொதுமுடக்கத்தால் ஏலங்கள் நின்றன. மாநில எல்லை மூடப்பட்டதால், இரு பக்கமும் சென்று வாங்கிய வியாபாரிகள் தவித்தனர். 2021 ஜனவரியில் வாரியம் மேகக் கணினி வழியிலான நேரடி ஏலத்தைத் தொடங்கியது. போடியில் அமர்ந்திருப்பவரும் புற்றடியில் இருப்பவரும் ஒரே ஏலத்தில் ஒரே நேரத்தில் விலை கேட்க வழி பிறந்தது. வாங்குவோர் பெருகினால் விற்பவருக்கு நல்ல விலை கிடைக்கும் வாய்ப்பும் பெருகும்.

ஆயினும், கணினியால் இயலாத ஒன்று உண்டு. இளங்காயைப் பருங்காயாகவும், மங்கிய காயைப் பசுங்காயாகவும் அதனால் மாற்ற முடியாது. செயற்கை நிறமேற்றிய சரக்கு ஒருமுறை பிடிபட்டால், அந்தப் பகுதிச் சரக்கு முழுவதன்மீதும் ஐயம் படிகிறது. பறிப்பவர், உலர்த்துபவர், தரம் பிரிப்பவர், ஏலம் நடத்துபவர் ஆகிய அனைவரும் தத்தம் பணியை ஒழுங்காகச் செய்திருந்தால்தான் திரையில் தோன்றும் விலைக்குப் பொருள் உண்டு.

ஆகவே, தொழிலுக்குப் புதிய மென்பொருளோ கருவியோ வாங்கக் கடன் பெற நினைக்கும் வாடிக்கையாளர்கள், முதலில் தம் பணியாளர் வரிசையை ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நலம். யார் தவறினால் தரம் குறைகிறது? அவருக்கு உரிய பயிற்சியும் ஊதியமும் கிடைக்கின்றனவா? விலை விவரம் அவருக்கும் தெரிகிறதா? இவற்றுக்கு விடை கண்டபின் வாங்கும் கருவியே முதலீட்டுக்கு உரிய பலனைத் தரும். அதிகாலையில் போடிமெட்டு ஏறும் பெண்ணின் கைத்திறனில்தான் அன்றைய ஏலம் தொடங்குகிறது.