ஆய்வுகளின் எண்ணிக்கையும் ஓர் ஆய்வேட்டின் கனதியும்

அறிஞர் ஒருவரின் பணியை மதிப்பிட முற்படும்போது, அவர் எத்தனை கட்டுரைகளை வெளியிட்டார், அவற்றை எத்தனை பேர் மேற்கோள் காட்டினர் என்ற வினாக்களே இன்று முதலில் எழுப்பப்படுகின்றன. இக்கணக்குகள் பயனற்றவை என நாம் கூறவில்லை. எனினும், அவை எதனை அளக்கத் தவறுகின்றன என்பதை உணர்வதற்கு, வானியல் அறிஞர் செசிலியா பெய்னின் வரலாற்றை அறிந்துகொள்வது அவசியமாகும்.

1900 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்த இவர், கேம்பிரிட்ஜில் கற்கைநெறியைப் பூர்த்தி செய்தார். ஆயினும், 1948 வரை அப்பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் வழங்காதிருந்தமையால், பட்டமின்றியே வெளியேறினார். 1923 இல் அமெரிக்கா சென்று, ஹாவார்ட் வானாய்வு நிலையத்தில் இணைந்து கொண்டார். அங்கு இலட்சக்கணக்கான நட்சத்திரங்களின் நிறமாலைகள் புகைப்படத் தட்டுகளில் பதிவாகியிருந்தன. அனி ஜம்ப் கெனன் என்ற பெண்மணி அவற்றை வகைப்படுத்தியிருந்தார். ஆனால், அவ்வகைகள் எதனால் வேறுபடுகின்றன என்பதை எவரும் முழுமையாக விளக்கியிருக்கவில்லை.

சூரிய ஒளியைப் பகுத்துப் பார்க்கும்போது இரும்பு, கல்சியம் போன்ற மூலகங்களின் கோடுகள் தெளிவாகத் தென்படுகின்றன. எனவே, சூரியனும் பூமியும் ஏறத்தாழ ஒரே சேர்க்கை கொண்டவை என்றே அக்கால அறிஞர்கள் கருதினர். இந்திய பௌதிகவியலாளர் மேகநாத் சாஹா 1920 இல் வெளியிட்ட அயனாக்கச் சமன்பாடு, இக்கருத்தை மீளாய்வு செய்வதற்கு வழி திறந்தது. வெப்பநிலை உயரும்போது அணுக்கள் இலத்திரன்களை இழக்கின்றன. ஆகவே, ஒரு கோட்டின் வலிமை அம்மூலகத்தின் அளவை மாத்திரமன்றி, வெப்பநிலையையும் பொறுத்தே அமைகின்றது. கூட்டமொன்றில் உரக்கக் குரல் எழுப்புவோரைக் கொண்டு, அங்கு திரண்டிருப்போரின் தொகையைக் கணக்கிட முடியாதல்லவா? நட்சத்திர ஒளியிலும் நிலைமை அதுவே.

சாஹாவின் சமன்பாட்டைப் பிரயோகித்த பெய்ன், நட்சத்திர வகைகளிடையே காணப்படும் வேறுபாடு பிரதானமாக வெப்பநிலையினால் விளைவது என நிறுவினார். அத்துடன், ஐதரசனும் ஈலியமும் ஏனைய மூலகங்களை விடப் பன்மடங்கு மிகுந்திருப்பதையும் கண்டறிந்தார். உலோகங்களுடன் ஒப்பிடுகையில் ஐதரசன் இலட்சக்கணக்கான மடங்காக இருந்தது.

இம்முடிவை பிரின்ஸ்டனின் புகழ்பெற்ற வானியலாளர் ஹென்றி நொரிஸ் ரஸல் ஏற்கவில்லை. அது சாத்தியமற்றது என அவர் அறிவித்தார். இருபத்தைந்து வயதையும் எட்டாத மாணவியால் அத்தகைய பெரியவரை எதிர்த்து நிற்க இயலவில்லை. 1925 இல் வெளியான தமது ஆய்வேட்டில், அம்மதிப்புகள் பெரும்பாலும் உண்மையானவையல்ல எனத் தாமே எழுதினார். எனினும், எண்களை அவர் அகற்றவில்லை. அட்டவணையில் அவை அப்படியே நிலைத்திருந்தன.

நான்கு ஆண்டுகளின் பின்னர், 1929 இல், வேறொரு முறையில் ஆராய்ந்த ரஸல் அதே முடிவை வந்தடைந்தார். தமது கட்டுரையில் பெய்னின் பணியை அவர் குறிப்பிட்டிருந்தார். ஆயினும், கண்டுபிடிப்பின் பெருமை நெடுங்காலம் ரஸலையே சார்ந்திருந்தது. ஐதரசன் ஈலியமாக இணைவதனாலேயே நட்சத்திரங்கள் ஒளிர்கின்றன என்பதை ஹான்ஸ் பெத்தே 1939 இல் விளக்கினார். நட்சத்திரங்களில் ஐதரசன் மிகுந்துள்ளது என்ற உண்மையின்றி அவ்விளக்கம் நிலைபெற்றிருக்க முடியாது.

பெய்னின் உழைப்பு அத்துடன் நின்றுவிடவில்லை. 1934 இல் தாம் மணந்த சேர்ஜி கபோஷ்கினுடன் இணைந்து, ஒளி மாறும் நட்சத்திரங்கள் பற்றி பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட அவதானிப்புகளை அவர் மேற்கொண்டார். எண்ணிக்கையை நாடுவோருக்கு இதனை விடப் பெரிய சான்று வேண்டியதில்லை. இருந்தும், அவர் நடத்திய பாடநெறிகள் 1945 வரை ஹாவார்டின் பாடநெறிப் பட்டியலில் இடம்பெறவில்லை. 1956 இலேயே பேராசிரியர் பதவி கிடைத்தது. அதன்பின்னர் அங்கு துறைத் தலைமையை ஏற்ற முதற் பெண்மணியும் அவரே. 1976 இல் அமெரிக்க வானியல் சங்கம் அவரைக் கௌரவித்து வழங்கிய விருதுரை, ரஸலின் பெயரால் அமைந்தது என்பது குறிப்பிடத்தக்கது. 1979 இல் அவர் காலமானார்.

ரஸலின் ஐயம் தீய நோக்கத்தினால் எழுந்ததல்ல. ஐயுறுவது விஞ்ஞானத்தின் கடமையாகும். ஆனால், சான்றை ஆராய்ந்து ஐயுறுவது வேறு. பழகிய கருத்துக்கு மாறானது என்பதற்காக மறுப்பது வேறு. தாம் சரியெனக் கருதியதை வலியுறுத்தாமல் அதிகாரத்துக்குப் பணிந்தது தமது தவறே என பெய்ன் பிற்காலத்தில் வருந்தினார். அத்தவறின் பெரும்பங்கு, ஒரு மாணவி அவ்வாறு பணிய நேரும் சூழலையே சாரும் என்பது எமது கருத்தாகும்.

கட்டுரைகளை எண்ணுவது எளிது. இளம் ஆய்வாளர் ஒருவர் முன்வைக்கும் அட்டவணையைப் பொறுமையுடன் வாசிப்பதே கடினம். ஆய்வுகளை வழிநடத்துவோரும் மதிப்பிடுவோரும் அக்கடினமான பணியைக் கைவிடாதிருக்க வேண்டும்.