எக்மோவில் இருக்கும் குழந்தையின் மூளையை யார் கவனிப்பது?

பிறந்த சில நாட்களிலேயே இதயமும் நுரையீரலும் தளர்ந்து, வெண்டிலேட்டரும் பலன் தராத குழந்தைக்குக் கடைசி வழி எக்மோ. ரத்தத்தைக் கழுத்து வழியே வெளியே எடுத்து, ஆக்சிஜன் ஏற்றி, மீண்டும் உடலுக்குள் செலுத்தும் கருவி அது. 1975இல் கலிபோர்னியாவில் டாக்டர் ராபர்ட் பார்ட்லெட் இதைக்கொண்டு ஒரு பச்சிளம் சிசுவை முதன்முதலாகப் பிழைக்கவைத்தார். 1996இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், வழக்கமான சிகிச்சைக்கு ஒதுக்கப்பட்ட 92 குழந்தைகளில் 54 பேர் இறந்தனர். எக்மோவுக்கு ஒதுக்கப்பட்ட 93 பேரில் இறந்தது 30 பேர். உயிர் காக்கும் கருவி என்பதில் இனி சந்தேகமில்லை. ஆனால் இதயத் துடிப்பை நொடிதோறும் பார்க்கும் நாம், அதே விழிப்போடு மூளையையும் பார்த்தாக வேண்டும். இதயத்தின் வேலையைச் சில நாட்களுக்கு ஓர் எந்திரம் செய்துவிடும். மூளையின் வேலையை எதுவும் செய்யாது.

ஆபத்தின் ஒரு பகுதி சிகிச்சையிலேயே இருக்கிறது. குழாய்களில் ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் ஹெபாரின், மூளைக்குள் ரத்தக்கசிவை உண்டாக்கலாம். மருந்தையும் மீறி உருவாகும் ரத்தக்கட்டி மூளை நாளத்தை அடைக்கலாம். தலைக்கு ரத்தம் கொண்டுபோகும் வலப்பக்கத் தமனியில்தான் பல நேரங்களில் குழாயைச் செருகுகிறார்கள். இவ்வளவு நடந்தாலும் குழந்தை காட்டிக்கொடுக்காது. மயக்க மருந்தில் கிடக்கும் உடலில் வலிப்பு வந்தாலும் கைகால் வெட்டாமல் போகலாம். மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி.தான் அதைச் சொல்லும். கசிவைக் காண, இன்னும் மூடாத உச்சிக்குழி வழியே படுக்கையருகிலேயே அல்ட்ராசவுண்ட் எடுக்கலாம், கதிர்வீச்சு கிடையாது. நெற்றியில் ஒட்டும் ஒளி உணர்வி, அந்த இடத்து ஆக்சிஜன் அளவை ஓயாமல் காட்டும். ஆனால் நெற்றிக்குக் கீழே உள்ளதை மட்டுமே அது அறியும். மூளையின் ஓரங்களும் பின்பகுதியும் அல்ட்ராசவுண்டுக்கு எளிதில் சிக்காது. ஆகவே ஒன்றை மட்டும் நம்பியிருக்கக் கூடாது.

கண்காணித்தால் மட்டும் மூளை பிழைத்துவிடுமா என்று கேட்பவர்களிடம் வலுவான சான்று இருக்கிறது. 2023இல் வெளியான சேஃப்பூஸ்-சி ஆய்வில், மிகக் குறைமாதத்தில் பிறந்த 1,601 குழந்தைகளை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் இந்த ஒளி உணர்வியை வைத்துச் சிகிச்சையை மாற்றிப் பார்த்தார்கள். மரணமோ கடும் மூளைச் சேதமோ குறையவில்லை. இதை மழுப்பக் கூடாது: எண்ணைக் காட்டும் கருவி, தானே மருந்தாகிவிடாது. ஆனால் அவர்கள் எக்மோ குழந்தைகள் அல்ல. எக்மோவில் கசிவு தெரிந்தால் ஹெபாரினைக் குறைக்கலாம், கருவியிலிருந்து முன்கூட்டியே விடுவிப்பதைப் பற்றி யோசிக்கலாம். வலிப்பு தெரிந்தால் மருந்து கொடுக்கலாம். இ.இ.ஜி.யைப் படிக்க ஆள் குறைவு என்பதும் உண்மையான சிக்கலே. பதிவைத் தொலைவிலிருந்து நிபுணர் படிக்கும் ஏற்பாடு அதைப் பெருமளவு தீர்க்கும்.

வீடு திரும்பிய குழந்தை நன்றாகப் பால் குடிக்கிறதே என்று பெற்றோர் பரிசோதனைகளை நிறுத்திவிடக் கூடாது. செவித்திறன் குறைவு மாதங்கள் கழித்தும் வரலாம். கவனத்திலும் நினைவாற்றலிலும் உள்ள குறை பள்ளி வயதில்தான் வெளிப்படலாம். அதுவரை தொடர் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.