தோலில் எழுதப்பட்ட எண்

நாஜி வதைமுகாம்களைக் குறித்து வகுப்பறையில் பேசத் தொடங்கியதும் மாணவர்களின் மனக்கண்ணில் முதலில் தோன்றுவது, இடது முன்கையில் பதிந்திருக்கும் நீலநிற எண்ணே. திரைப்படங்களும் நாவல்களும் அக்காட்சியை அத்துணை ஆழமாக நம்முள் பதித்துவிட்டன. ஆகவே, முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்ட எல்லார் கைகளிலும் எண் குத்தப்பட்டது என்றே நம்மில் பலரும் எண்ணியிருக்கிறோம். உண்மை அதுவன்று. எண் குத்தும் வழக்கம் இருந்தது ஆஷ்விட்ஸ் என்னும் ஒரே முகாம் தொகுதியில்தான். அங்கும், கொண்டுவரப்பட்டோருள் சிறுபான்மையினரே அதைப் பெற்றனர். டாகாவ், பூகன்வால்ட் முதலிய பிற முகாம்களிலும் கைதிகளுக்கு எண் உண்டு. ஆனால் அது சட்டையில் தைக்கப்பட்ட துணித்துண்டில் இருந்தது. மவுத்தவுசனில் எண் பொறித்த சிறு தகட்டைக் கம்பியால் மணிக்கட்டில் கட்டினர்.

மேலே செல்லுமுன் ஒரு சொல்லைப் பற்றி நாம் நின்று சிந்திக்க வேண்டியுள்ளது. இச்செயலைத் தமிழில் எவ்வாறு குறிப்பது? ‘பச்சை குத்துதல்’ என்பதே நாம் அறிந்த தொடர். ஆனால் அத்தொடரைக் கேட்டதும் நம் முன் வருவன திருவிழாக் கடைவீதியும், பாட்டியின் கையில் மங்கிய கோலமும், அன்புக்குரியவரின் பெயருமே. ஐரோப்பிய மொழிகள் இதற்கு வழங்கும் ‘டாட்டூ’ என்னும் சொல்லும் பசிபிக் தீவுகளின் பொலினீசிய மொழியிலிருந்து, ‘தத்தாவ்’ என்பதன் திரிபாகப் பதினெட்டாம் நூற்றாண்டில் சென்றதே. அத்தீவுகளிலும் உடற்குறி ஒருவரைத் தம் குடியோடும் மரபோடும் பிணைத்தது. ஆஷ்விட்ஸில் நடந்ததை இச்சொற்களுள் எதுவும் நேர்படச் சொல்லவில்லை. ஆகவே இக்கட்டுரையில் ‘எண் குத்துதல்’ என்றே வழங்குவோம். சுவையற்ற தொடர்தான், எனினும் பொருளுக்கு அதுவே நெருங்கியது.

ஆஷ்விட்ஸ் முகாம் 1940ஆம் ஆண்டு மே மாதம் ஜெர்மானியர் ஆக்கிரமித்திருந்த போலந்துப் பகுதியில் தொடங்கப்பட்டது. முதல் முப்பது எண்கள், சாக்சன்ஹவுசன் முகாமிலிருந்து கொணரப்பட்ட ஜெர்மானியக் குற்றவாளிகளுக்கு வழங்கப்பட்டன; பிற கைதிகளை மேய்ப்பதே அவர்களுக்கு இடப்பட்ட வேலை. ஜூன் 14ஆம் நாள் டார்னூவ் நகரிலிருந்து வந்த 728 போலந்து அரசியல் கைதிகள் 31 முதல் 758 வரையிலான எண்களைப் பெற்றனர். அக்காலத்தில் எண் துணியில் மட்டுமே இருந்தது. முகாம் அலுவலகம் நிழற்படமும் எடுத்து வைத்துக்கொண்டது.

துணியிலிருந்து எண் தோலுக்கு ஏறிய காரணம்தான் நாம் கூர்ந்து நோக்க வேண்டியது. கைதிகள் தப்பியோடாமல் தடுக்கவே இது செய்யப்பட்டது எனப் பலர் கருதுவர். அது ஒரு பயனாக இருந்திருக்கலாம். ஆயினும் தொடக்கக் காரணம் பிணங்களே. நாள்தோறும் பலர் மடிந்தனர். மடிந்தவரின் ஆடை களையப்பட்டதும், அவர் யார் என்பதை அறிய வழி இல்லாமற் போயிற்று. பதிவேட்டில் யார் பெயரை அடிப்பது என்று எழுத்தர்கள் திகைத்தனர். நோயாளிகள் கிடந்த கூடத்தில் மார்பில் அழியா மையால் எண்ணை எழுதிப் பார்த்தனர். 1941ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் சோவியத் போர்க்கைதிகள் ஆயிரக்கணக்கில் வந்து, விரைந்து மடியத் தொடங்கியபோது அந்த ஏற்பாடும் போதவில்லை. உயிரோடிருப்பவனைக் காப்பதற்கன்று, அவன் இறந்தபின் கணக்கை நேர் செய்வதற்காகவே அவன் உடலில் எண் ஏறியது.

முதலில் பயன்பட்ட கருவி ஓர் உலோக முத்திரை. ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள ஊசிகளால் இலக்கங்கள் அமைக்கப்பட்டு, அவற்றை மாற்றி மாற்றிக் கோக்கலாம். இடது மார்பில் ஒரே அடியில் முழு எண்ணும் பதியும். குருதி கசியும் புண்ணில் மையைத் தேய்ப்பர். 2014இல் இத்தகைய முத்திரையின் இலக்கத் துண்டுகள் சில ஆஷ்விட்ஸ் அருங்காட்சியகத்துக்குக் கிடைத்தன: ஒரு சுழியம், இரண்டு மூன்றுகள், ஆறாகவோ ஒன்பதாகவோ திருப்பிக் கோக்கத்தக்க இரண்டு. பின்னாளில் முத்திரை கைவிடப்பட்டது. தனி ஊசியால் புள்ளி புள்ளியாகக் குத்தி, இடது முன்கையில் எண்ணை எழுதினர். குத்தியவர்களும் கைதிகளே. 1943ஆம் ஆண்டின் வசந்த காலத்தில், புதிதாக வருவோர்க்கும் முன்னரே பதிவானோர்க்கும் இது விரிவாக்கப்பட்டது. பிர்க்கனவ் பகுதியில் பிறந்த குழந்தைகளின் கை மிகச் சிறிதாயிருந்ததால் தொடையில் குத்தினர். ஜெர்மானியக் கைதிகளுக்கு மட்டும் விலக்கு இருந்தது. 1944இல் வார்சா எழுச்சியின்போது கொணரப்பட்ட நகரமக்கள் போன்ற வேறு சில பிரிவினரும் விடப்பட்டனர்.

எண்கள் ஒரே தொடராக ஓடவில்லை. ஆடவர் பொது வரிசை 1945 ஜனவரியில் 202,499இல் முடிந்தது. மகளிர் வரிசை 1942 மார்ச் 26ஆம் நாள் மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கிற்று; ஆகவே ஒரே எண் ஓர் ஆடவருக்கும் ஒரு பெண்ணுக்கும் உரியதாக இருக்கலாம். ரோமா மக்களின் எண்ணுக்கு முன் ‘இசட்’ என்னும் எழுத்து வந்தது. அவர்களை இகழ்ச்சியாகக் குறித்த ஜெர்மன் சொல்லின் முதலெழுத்து அது. 1944 மே மாதத்தில் ஹங்கேரி நாட்டு யூதர்கள் பெருந்திரளாக வரத் தொடங்கியதும், எண் அளவுகடந்து உயராதிருக்க ‘ஏ’, பின்னர் ‘பி’ என எழுத்திட்டுப் புதிய வரிசைகளைத் தொடங்கினர். ஒவ்வோர் எழுத்திலும் 20,000 என்பது திட்டம். மகளிர் ‘ஏ’ வரிசை அந்த எல்லையைத் தாண்டி ஓடியது. ஒழுங்குக்குப் பேர்போன அலுவலகத்தின் பிழை அது! எல்லா வரிசைகளிலும் சேர்த்து 400,000க்குச் சற்று மேற்பட்ட எண்கள் வழங்கப்பட்டன.

இனி மற்றொரு தொகையை இதனருகே வைத்துப் பார்ப்போம். ஆஷ்விட்ஸுக்குக் கொண்டுவரப்பட்டோர் ஏறத்தாழ 1.3 மில்லியன் பேர். அங்கே மடிந்தோர் ஏறத்தாழ 1.1 மில்லியன். இத்தொகைகளுக்கும் எண்களின் தொகைக்கும் இடையே உள்ள பள்ளத்தில்தான், இரயிலிலிருந்து இறங்கியதும் நச்சுவாயு அறைக்கு அனுப்பப்பட்டவர்கள் இருக்கின்றனர். முதியோர், குழந்தைகள், குழந்தையைக் கையில் ஏந்திய தாய்மார். அவர்களை யாரும் பதியவில்லை. எண் குத்தவும் இல்லை. இத்தாலிய எழுத்தாளர் பிரிமோ லேவி வந்த இரயில் இதற்கு நல்ல சான்று. 1944 பிப்ரவரி 22ஆம் நாள் போசோலி முகாமிலிருந்து அது புறப்பட்டபோது 650 பேர் இருந்தனர். அவர்தம் கணக்குப்படி 96 ஆடவரும் 29 பெண்களுமே முகாமுக்குள் சேர்க்கப்பட்டனர். லேவியின் எண் 174517. எஞ்சிய ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோர்க்கு எண்ணே இல்லை. கையில் எண் இருந்தது என்றால், அவரைக் கொல்லாமல் வேலை வாங்க முடிவு செய்தனர் என்று பொருள். அந்த வேலையும் பெரும்பாலோரைச் சில மாதங்களில் கொன்றது.

எண் பெற்றவர் அதை ஜெர்மன் மொழியில் சொல்லவும், சொல்லக் கேட்டு உணரவும் வேண்டும் என்பது மொழி பயில்வோராகிய நாம் கருதத்தக்கது. ரொட்டியும் கூழும் பெற எண்ணைக் காட்ட வேண்டும். அழைக்கும்போது விளங்காமல் நின்றால் அடி விழும். ஜெர்மன் மொழியிலோ ஒன்றாமிடம் முன்னும் பத்தாமிடம் பின்னுமாக வரும். எழுபத்து நான்கு என்பதை ‘ஃபியர் உண்ட் சீப்சிஷ்’, அதாவது ‘நான்கும் எழுபதும்’ என்பர். நூற்றெழுபத்து நாலாயிரத்து ஐந்நூற்றுப் பதினேழு என்பது அம்மொழியில் மூச்சு விடாமல் சொல்லும் ஒரே நெடுஞ்சொல். கிரேக்க நாட்டிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் வந்து, ஒரு ஜெர்மன் சொல்லும் அறியாதவர், சில நாள்களுக்குள் இதைத் தம் பெயராகக் கற்றாக வேண்டியிருந்தது. மொழி விளங்காதவர்கள் மற்றவர்க்கு முன்னரே மடிந்தனர் என்று லேவி பின்னாளில் வலியுறுத்தி எழுதியுள்ளார்.

எந்த எண் எந்த நாளில், எந்த ஊரிலிருந்து வந்தவருக்குரியது என்பதை இன்று நாம் அறிவதற்குக் காரணமும் கைதிகளே. முகாமைக் கைவிடுமுன் எஸ்.எஸ். படையினர் தம் ஆவணங்களுள் பெரும்பகுதியை எரித்தனர். ஆனால் அலுவலகத்தில் எழுத்தர்களாக அமர்த்தப்பட்டிருந்த கைதிகள், 1944ஆம் ஆண்டிலேயே இரயில்கள் வந்த நாள்களையும் வழங்கிய எண்களையும் மறைவாகப் படியெடுத்து வெளியே கடத்தியிருந்தனர். அவர்களுள் ஒருவர் காசிமியர்ஸ் ஸ்மோலென். பிற்காலத்தில் ஆஷ்விட்ஸ் அருங்காட்சியகத்தின் இயக்குநரானார். அங்குப் பணியாற்றிய வரலாற்றாய்வாளர் தனுத்தா செக், இத்தகைய பட்டியல்களைக் கொண்டே முகாமின் நாள்வரிசைக் குறிப்பைத் தொகுத்தார். கைதியைப் பெயரற்றவனாக்க வந்த எண், கொலையாளிகளின் கணக்கை அவர்களுக்கு எதிராகவே படிக்க உதவியது.

எண்ணைப் படிக்கத் தெரிந்தால் புனைவின் பிழையும் புலப்படும். ஹெதர் மோரிஸ் 2018இல் வெளியிட்ட நாவல், எண் குத்தும் பணியில் இருந்த ஸ்லோவாக்கிய யூதர் லாலி சொகோலோவின் வாழ்வைத் தழுவியது. அவர் எண் 32407. 1942 ஏப்ரலில் வந்த அவர்தம் காதலியின் எண் 34902 என்கிறது நாவல். மகளிர் வரிசையோ மார்ச் 26இல்தான் தொடங்கியது. சில வாரங்களில் அது முப்பதாயிரத்தைத் தாண்டியிருக்க வழியில்லை. அப்பெண்மணி பதிவுசெய்த வாக்குமூலத்தில் சொன்ன எண் 4562. ஆஷ்விட்ஸ் அருங்காட்சியக ஆய்வாளர்கள் இதனையும் பிற பிழைகளையும் சுட்டிக்காட்டினர். நாவலைப் படிக்க வேண்டா என்று நாம் சொல்லவில்லை. அதை வரலாற்றுப் பாடத்துக்குச் சான்றாக வைக்கும் ஆசிரியர் இதனை அறிந்திருத்தல் நன்று.

போருக்குப் பின் சிலர் அறுவை மருத்துவத்தால் எண்ணை நீக்கினர். சிலர் வாழ்நாள் முழுதும் நீண்ட சட்டைக்கை அணிந்தனர். லேவி அதை நீக்கவில்லை. துரின் நகர இடுகாட்டில் அவர் கல்லறையிலும் பெயருடன் 174517 பொறிக்கப்பட்டுள்ளது. இஸ்ரேலில் பேரப்பிள்ளைகள் சிலர் தாத்தாவின் எண்ணைத் தம் கையிலும் குத்திக்கொண்டதை 2012இல் வெளிவந்த ‘நம்பர்ட்’ என்னும் ஆவணப்படம் காட்டுகிறது. அதைக் கண்டு கலங்கியோரும் உண்டு. மனம் நெகிழ்ந்தோரும் உண்டு.

எண் பெறாதவர்களைத் தேடுவதற்கு முகாமின் பதிவேடு உதவாது. ஆதலால் வேறு வழியே செல்ல வேண்டியிருந்தது. இத்தாலியில் லிலியானா பிச்சோத்தோ என்னும் ஆய்வாளர் பல்லாண்டு உழைத்து, அந்நாட்டிலிருந்து நாடுகடத்தப்பட்ட யூதர்களின் பெயர்களைத் திரட்டி 1991இல் ஒரு பெருநூலாக வெளியிட்டார். லேவியோடு அந்த இரயிலில் ஏறி, எண் பெறாமலே மடிந்தவர்களும் அந்நூலில் தம் பெயராலேயே இடம்பெற்றுள்ளனர்.