பழைய டி.எஸ்.எல்.ஆர் கேமரா இப்போது வாங்கலாமா? மலாக்கா திருவிழாக்களுக்கு எந்த லென்ஸ்?

மாசி மகம் முடிந்த மறுநாள் வாட்ஸ்ஆப் குழுக்களைத் திறந்தால் எல்லாம் ஒரே மாதிரிப் படங்கள்தான். செங் சன்னாசிமலை ஆண்டவர் ஆலயத்தில் காவடி ஆடுகிறவரின் முகம் மங்கியிருக்கும், கை இழுபட்டிருக்கும், பின்னால் இருக்கும் குழாய் விளக்கு மட்டும் பளிச்சென்று தெரியும். "அடுத்த வருசத்துக்குள்ள ஒரு நல்ல கேமரா வாங்கிடணும்" என்று யாராவது ஒருவர் எழுதுவார். உடனே அடுத்த கேள்வி வரும்: எதை வாங்குறது?

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். டி.எஸ்.எல்.ஆர் பழைய தொழில்நுட்பம் என்பது உண்மைதான். கேனானும் நிக்கானும் தங்கள் கடைசி டி.எஸ்.எல்.ஆர் மாடல்களை 2020-இல் வெளியிட்டன. இரண்டும் 2018-இலேயே புதிய லென்ஸ் மவுண்ட்டோடு மிரர்லெஸ் பக்கம் நகரத் தொடங்கிவிட்டன. அப்படியென்றால் இப்போது டி.எஸ்.எல்.ஆர் வாங்குவது காசை வீணாக்கும் வேலையா?

இல்லை. பலர் மிரர்லெஸ்ஸுக்கு மாறுவதால், நன்றாக ஓடும் பாடிகளும் லென்ஸ்களும் இரண்டாம் கைச் சந்தைக்கு வருகின்றன. முதல் சம்பளம் வாங்கியிருக்கும் ஒருவருக்கு இது நல்ல வாய்ப்பு. ஆனால், எதில் காசு போடுவது என்பதில்தான் பலர் தப்புப் பண்ணுகிறார்கள்.

பாடியைவிட லென்ஸ் முக்கியம்

கையில் 2,000 வெள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலோர் முழுவதையும் பாடியில் போட்டுவிட்டு, கூடவே வரும் 18-55 மி.மீ கிட் லென்ஸோடு திருவிழாவுக்குப் போவார்கள். மாலை ஏழு மணிக்கு மேல் பிரச்சினை ஆரம்பிக்கும்.

காரணம் இதுதான். அந்த லென்ஸை 55 மி.மீ வரை ஜூம் செய்தால் அதன் துவாரம் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. 50 மி.மீ எஃப் 1.8 லென்ஸோ ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். கிட் லென்ஸில் ஷட்டர் வேகம் 1/30 வினாடி என்று வரும் இடத்தில், அதே ஐ.எஸ்.ஓ-வில் இதில் 1/250 கிடைக்கும். தீமிதியில் ஓடி வருகிறவரின் கால் 1/30-இல் வெறும் புகைதான். 1/250-இல் கால் என்றாவது அடையாளம் தெரியும்.

50 மி.மீ எஃப் 1.8 லென்ஸ் எந்த நிறுவனத்திலும் மலிவானவற்றில் ஒன்று. அதனால் பாடிக்குப் பாதிக் காசு போதும் என்பதே என் கணக்கு. நிக்கான் டி5600, கேனான் 200டி போன்றவை தாராளமாகப் போதும். காணொளியும் எடுப்பவர் என்றால் கேனான் 80டி-யைப் பாருங்கள்.

ஒரு விஷயம்: இந்த பாடிகளில் சென்சார் சிறியது. அதனால் 50 மி.மீ லென்ஸ், கேனானில் 80 மி.மீ, நிக்கானில் 75 மி.மீ போலக் காட்டும். முகங்களுக்கு அருமை. ஆனால் 1781-இல் கட்டப்பட்ட பொய்யாத விநாயகர் ஆலயம் இருக்கும் ஜாலான் துக்காங் எமாஸ் போன்ற குறுகலான தெருவில், பின்னால் நகர இடமே இருக்காது. அங்கே ரதத்தை முழுசாக எடுக்கக் கிட் லென்ஸின் 18 மி.மீ முனைதான் கைகொடுக்கும். ஆகவே அதை விற்றுவிடாதீர்கள்.

பொருந்தும், ஆனா வேலை செய்யாது

நான் ஏமாந்த கதை இது. நிக்கான் டி3500 கையில் இருந்தபோது ஒரு கடையில் 50 மி.மீ எஃப் 1.8டி லென்ஸ் மலிவாகக் கிடைத்தது. மாட்டினால் கச்சிதமாக உட்கார்ந்தது. ஆட்டோஃபோகஸ் மட்டும் வரவில்லை. டி3000, டி5000 வரிசைப் பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. லென்ஸுக்குள்ளேயே மோட்டார் இருக்கும் ஏ.எஃப்-எஸ் வகை, அதாவது 1.8ஜி, வாங்கியிருக்க வேண்டும். டி7200-இல் அந்தப் பழைய லென்ஸும் ஓடும். அதேபோல், நிக்கானின் புதிய ஏ.எஃப்-பி லென்ஸ்கள் டி3200, டி7000 போன்ற பழைய பாடிகளில் ஃபோகஸ் ஆகாது.

கேனானில் தலைவலி குறைவு. லென்ஸில் சிவப்புப் புள்ளி இருந்தால் இ.எஃப், வெள்ளைச் சதுரம் இருந்தால் இ.எஃப்-எஸ். 200டி, 80டி இரண்டையும் ஏற்கும். பின்னால் 6டி போன்ற பெரிய சென்சார் பாடிக்கு மாறினால் வெள்ளைச் சதுர லென்ஸ் மாட்டாது.

நாளைக்கு மிரர்லெஸ் வாங்கினால் இந்த லென்ஸ்களை என்ன செய்வது? கேனான் அடாப்டரில் இ.எஃப், இ.எஃப்-எஸ் இரண்டும் ஆட்டோஃபோகஸோடு ஓடும். நிக்கானின் எஃப்.டி.இசட் அடாப்டரில் ஏ.எஃப்-எஸ், ஏ.எஃப்-பி ஓடும். என்னுடைய 1.8டி அங்கேயும் கையால்தான்.

பூஞ்சையைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்

நம் ஊர் ஈரப்பதத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிப்பது சாதாரணம். இரண்டாம் கை லென்ஸை வாங்கும்போது இரு பக்க மூடியையும் கழற்றி, கைத்தொலைபேசி டார்ச்சை ஒரு பக்கம் அடித்து மறுபக்கம் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி இழைகள் தெரிந்தால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். நாலு தூசி இருந்தால் பரவாயில்லை. சொந்த மெமரி கார்டு கொண்டு போய் பத்துப் படம் எடுத்து, வீட்டில் பெரிய திரையில் பார்த்த பிறகு முடிவு சொல்லுங்கள். ஷட்டர் எத்தனை முறை ஓடியிருக்கிறது என்றும் கேளுங்கள்.

வாங்கிய பிறகு உலர் பெட்டி அவசியம். விலை கட்டுப்படியாகாவிட்டால், காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லும் ஒரு சிறிய ஈரப்பதமானியும் போட்டு வையுங்கள். 40 முதல் 50 விழுக்காடு வரை இருந்தால் சரி. கேமரா பையிலேயே மாதக் கணக்கில் விட்டுவிடுவதுதான் மிக மோசம்.

திருவிழா மட்டும் இல்லை

தெபோங், ஜாசின் பக்கம் தாத்தா பாட்டி இன்னும் தோட்டத்தில் இருந்தால், அடுத்த மாசி மகம் வரை காத்திருக்காதீர்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது மாதிரி, லயத்து வீடுகளும் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். அந்த வீடுகளுக்குள் பகலிலேயே இருட்டு. ஃபிளாஷ் போட்டால் முகம் சுண்ணாம்பு பூசிய மாதிரி ஆகிவிடும். பாட்டியை ஜன்னல் ஓரமாக உட்காரச் சொல்லுங்கள். லென்ஸை எஃப் 2-இல் வைத்து, ஷட்டர் 1/125-க்குக் கீழே போகாமல், ஐ.எஸ்.ஓ-வைத் தேவைக்கு ஏற்றுங்கள். கொஞ்சம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தாலும் பரவாயில்லை, ஆடிப்போன படத்துக்குத்தான் வைத்தியம் கிடையாது. வீடு வந்ததும் கோப்பின் பெயரிலேயே ஆளின் பெயர், தோட்டத்தின் பெயர், ஆண்டு மூன்றையும் எழுதி, இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கள்.