வை-பையில் பேசினால் குரல் விட்டு விட்டு கேட்குதா? பிளானை மாத்தாதீங்க... ரவுட்டரை மாத்தி வையுங்க!

சென்னை:

"ஹலோ... ஹலோ... அம்மா, கேக்குதா?"

"விட்டு விட்டு கேக்குதுடா. இரு, வாசலுக்கு வந்து பேசறேன்!"

சென்னை அடுக்குமாடி குடியிருப்புகளில் ராத்திரி ஆனால் கேட்கும் பேச்சு இது. சிங்கப்பூரில் இருந்து மகன் பேசினாலும் சரி, பக்கத்து தெருவில் இருந்து மகள் பேசினாலும் சரி, பாதி வார்த்தை காற்றோடு போய்விடுகிறது. வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர்களுக்கோ அந்த ஒரு போன்தான் துணை.

'மாசா மாசம் பணம் கட்டுறோம். 100 மெகாபிட் ஸ்பீடுன்னு சொன்னாங்க. ஒரு போன் பேச முடியலையே' என்று புலம்புகிறவர்கள் பலர். கோபத்தில் 200 மெகாபிட் பிளானுக்கு மாறுகிறவர்களும் உண்டு. பணம்தான் கூடுதலாக போகிறது. குரல் தெளிந்தபாடில்லை.

காரணம், பல வீடுகளில் கோளாறு பிளானில் இல்லை. ரவுட்டருக்கும் செல்போனுக்கும் நடுவே இருக்கும் சில அடி தூரத்தில்தான் இருக்கிறது.

இரண்டுக்கும் ஒரே வியாதி

கான்கிரீட் சுவரும் அதற்குள் இருக்கும் இரும்பு கம்பியும் டவர் சிக்னலை பலவீனமாக்கி விடும். இதற்கு மாற்றாக வந்ததுதான் வை-பை காலிங். இந்தியாவில் 2019 டிசம்பரில் ஏர்டெல் நிறுவனமும், 2020 ஜனவரியில் ஜியோ நிறுவனமும் இதை அறிமுகம் செய்தன.

சாதாரண செல்போன் அழைப்பே வீட்டு இன்டர்நெட் வழியாக போகும். தனி ஆப் தேவையில்லை. வை-பையில் இருந்து பேசும் வாட்ஸ்-அப் அழைப்பும் இதே பாதையில்தான் போகிறது. அதனால் இரண்டுக்கும் வியாதி ஒன்று, மருந்தும் ஒன்று.

வேகம் இல்லீங்க, நேரம் முக்கியம்

ஒரு குரல் அழைப்புக்கு வினாடிக்கு சுமார் 100 கிலோபிட் இருந்தாலே போதும். 100 மெகாபிட் இணைப்பில் இது ஆயிரத்தில் ஒரு பங்குதான்.

பிறகு ஏன் உடைகிறது? பேசும் குரலை போன் பொடிப்பொடியாக நறுக்கி அனுப்புகிறது. பொதுவாக ஒரு வினாடிக்கு 50 பொட்டலம். ஒவ்வொன்றும் அதனதன் நேரத்துக்கு போய் சேர வேண்டும். லேட்டாக வந்ததை எதிர்முனை போன் தூக்கி எறிந்துவிடும். காணாமல் போகும் வார்த்தை அதுதான்.

சினிமா பார்க்கும்போது இந்த தொல்லை தெரியாது. படத்தின் அடுத்த பகுதியை டி.வி. முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளும். இன்னும் பேசாத பேச்சை எப்படி வாங்கி வைப்பது?

பேசியது 150 மில்லி வினாடிக்குள் மறுமுனைக்கு போனால் உரையாடல் இயல்பாக இருக்கும் என்பது சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கணக்கு. அதை ரொம்ப தாண்டினால் இருவரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்தி, 'நீ சொல்லு', 'இல்ல, நீ சொல்லு' கதைதான்.

முதலில் இந்த சோதனை

வேறு 2 பேருக்கு போன் போட்டு பாருங்கள். ஒருவரிடம் மட்டும் உடைந்தால் கோளாறு அவர் பக்கம்.

எல்லோரிடமும் உடைகிறதா? ரவுட்டருக்கு 6 அடி தூரத்தில் நின்று பேசுங்கள். அங்கே தெளிவாக கேட்டு, படுக்கை அறைக்கு போனதும் உடைந்தால் குற்றவாளி உங்கள் வீட்டு சுவர்.

பக்கத்தில் நின்றும் உடைந்தால், மற்ற போன்கள், டி.வி., கேமரா எல்லாவற்றின் வை-பையையும் நிறுத்திவிட்டு பேசுங்கள். சரியானால் நெரிசல்தான் காரணம். அப்பவும் சரியாகலைன்னா லேப்டாப்பை கேபிள் போட்டு ரவுட்டரில் இணைத்து பேசுங்கள். அதிலும் உடைந்தால் லைன் அல்லது ரவுட்டர் கோளாறு. இன்டர்நெட் கம்பெனிக்கு புகார் செய்ய வேண்டிய கட்டம் இதுதான்.

செருப்பு ஸ்டாண்டுக்கு மேலேயா?

கேபிள் போட வருகிறவர் வாசல் கதவு பக்கத்திலேயே, செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே ரவுட்டரை மாட்டிவிட்டு போய்விடுவார். பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று டி.வி.க்கு பின்னால் ஒளித்து வைக்கும் வீடுகளும் உண்டு. இரும்பு பீரோ, பிரிட்ஜ், பெரிய நிலைக்கண்ணாடி, மீன் தொட்டி எல்லாமே சிக்னலுக்கு எதிரி. வீட்டின் நடுவே, ஆள் உயரத்தில், திறந்த இடத்தில் வைப்பதே நல்லது.

ரவுட்டரில் வழக்கமாக 2 அலைவரிசை இருக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, சுவரை தாண்டினால் சோர்ந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரை ஓரளவு தாண்டும். ஆனால் மேல் வீடு, கீழ் வீடு, மைக்ரோவேவ் அடுப்பு, புளூடூத் எல்லாமே அந்த பாதையில்தான். ஒரே அறையில் இருந்தால் 5, ரெண்டு சுவர் தள்ளி இருந்தால் 2.4. நெரிசல் இருந்தால் 2.4-ல் 1, 6, 11 ஆகிய சேனல்களில் காலியானதை தேர்வு செய்யலாம். இந்த மூன்றும் ஒன்றோடொன்று மோதாது.

ரிப்பீட்டர் வாங்குகிறவர்கள் அதை சிக்னலே இல்லாத அறையில் வைத்தால் பயன் இல்லை. பாதி வழியில், சிக்னல் நன்றாக இருக்கும் இடத்தில் வைக்க வேண்டும். கேபிள் இழுத்து 2-வது ரவுட்டர் வைத்தால் இன்னும் நல்லது.

அவங்க பேசறது கேக்குது, நாம பேசறது கேக்கலை

இப்படி இருந்தால் அப்லோடு பக்கம் கவனியுங்கள். போட்டோ பேக்கப், கண்காணிப்பு கேமரா போன்றவை மேலே போகும் பாதையை அடைத்துக்கொண்டால் உங்கள் குரல் வரிசையில் நிற்க வேண்டியதுதான். பேக்கப்பை எல்லோரும் தூங்கும் நேரத்துக்கு மாற்றுங்கள். சில ரவுட்டர்களில் குரலுக்கு முன்னுரிமை தரும் 'கியூ.ஓ.எஸ்.' வசதி இருக்கும். அதையும் போட்டு விடலாம்.

கரண்ட் போனால்...

கரண்ட் போனால் ரவுட்டர் அணையும், கூடவே வை-பை காலிங்கும் போய்விடும். வீட்டுக்குள் டவர் சிக்னலும் இல்லையென்றால், ஆபத்து நேரத்தில் 108-க்கோ 112-க்கோ கூப்பிட முடியாமல் தவிக்க நேரிடும்.

ரவுட்டருக்கென்றே சின்ன யு.பி.எஸ். கிடைக்கிறது. அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட் அளவு பார்த்து வாங்க வேண்டும். இன்வெர்ட்டர் லைனில் ரவுட்டரை மாட்டினாலும் போதும்.

இன்னொரு வேலைக்கு ஒரு பைசா செலவில்லை. வை-பையை அணைத்துவிட்டு, எந்த ஜன்னல் பக்கம் டவர் சிக்னல் கிடைக்கிறது என்று பாருங்கள். அந்த ஜன்னலை வீட்டு பெரியவங்களுக்கு இன்னிக்கே காட்டி வையுங்க!