வாசல் இல்லாத கீழவாசல்!

தஞ்சாவூரில் 'கீழவாசல்' என்றால் யாரும் வழி சொல்வார்கள். ஆனால், அங்கே போய் வாசலைத் தேடாதீர்கள்! நாயக்கர் காலக் கோட்டையின் கிழக்கு வாசல் இருந்த இடம் அது. வாசல் போய்விட்டது, பெயர் நிற்கிறது. 'அலங்கம்' என்றால் கோட்டை மதில். கீழ அலங்கம், மேல அலங்கம் எனத் தெருப் பெயர்களில் மதிலும் வாழ்கிறது.

வாசலுக்குக் காவல் நின்ற பீரங்கி, அருகே பீரங்கி மேட்டில் இன்றும் இருக்கிறது. ரகுநாத நாயக்கர் காலத்தது. சுமார் 25 அடி நீளம், 22 டன் எடை. அச்சில் வார்த்ததல்ல, இரும்புப் பட்டைகளைக் காய்ச்சி, அடித்து இணைத்தது.

பெரிய கோயிலுக்கு வருகிறவர்கள் பிள்ளைகளுக்கு இதையும் காட்டுங்கள். மதிலைக் காக்கத் தவறினோம்; கதையையாவது காப்போம்!